இடைவேளைக்குப் பிறகு பேசாத பெண்

1

போன செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வீட்டு டீவி அந்தப் படத்தைத் தானாகவே கொண்டுவந்து காட்டியது. மகள் வேலைக்குப் போன பிறகு ஊர்ச் செய்தி கேட்கலாம் என்று ரிமோட்டை அழுத்தினேன். வரிசையாகப் படங்கள் வந்தன. நடுவில் அது. ஒரு பெண் அருவிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். ஒருவன் அவளைப் பார்த்துக் கையை நீட்டுகிறான். எந்தப் பொத்தானில் என் விரல் பட்டதோ, படம் ஓட ஆரம்பித்துவிட்டது. நிறுத்தத் தெரியவில்லை. சத்தத்தைக் குறைக்கப் போய்க் கூட்டிவிட்டேன். கடைசியில் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன்.

அந்தப் படத்தை நாங்கள் ஆகஸ்ட் மாதம் கண்டியில், தியேட்டரில் பார்த்தோம். நான், என் மகள், அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவர். இப்போது ஜனவரி. ஜன்னலுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி.

இந்தச் சஞ்சிகைக்கு ஏதாவது எழுதுங்கள் என்று ஊரிலிருந்து கேட்டிருந்தார்கள். பனியைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, இங்கே கறிவேப்பிலை என்ன விலை என்பதைப் பற்றி எழுதினால் போதுமாம். நான் கண்டி மஹய்யாவையில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். பனியைப் பற்றி என்னைவிட நன்றாக எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் எழுதக்கூடியது இது ஒன்றுதான்.

மகளின் பெயரை மாற்றித் திலகா என்று எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதுங்கம்மா. ஆனா அழுது வடிச்சு எழுதாதீங்க, படத்துல வர்ற அம்மா மாதிரி” என்றாள்.

2

திலகாவுக்குப் பதினாறு வயதாகியும் அவள் பெரியமனுசி ஆகவில்லை. கூடப் படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் சடங்கு முடிந்துவிட்டது. எங்களுடையது அடுத்தடுத்து வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். பக்கத்து வீட்டுச் சரசக்கா தண்ணீர் பைப்படியில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்பாள்: “என்னா, ஒங்க வீட்டுச் சோறு எங்களுக்கு எப்பத்தான் கெடைக்கும்? பல்லு விழுந்த பொறகா?”

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத விரும்பவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து டாக்டர் இங்கிலீஷில் பேசினார். நர்ஸ் அதைச் சிங்களத்தில் சொன்னார். வார்டில் கூட்டிப் பெருக்குகிற ஒரு தமிழ் அம்மாவைக் கூப்பிட்டு எனக்குத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். அந்த அம்மா கையில் விளக்குமாற்றை வைத்துக்கொண்டே சொன்னாள்: “பிள்ளைக்குக் கர்ப்பப்பை இல்லையாம். வெளியில பொம்பளப் பிள்ளை. உள்ளுக்குக் கொஞ்சம் ஆம்பளப் பிள்ளைக்கு இருக்கிற மாதிரியாம். உசுருக்கு ஒண்ணுமில்லையாம். மாசா மாசம் வர்றது வராதாம்.” வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திலகா தன்னுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே வந்த பிறகுதான் அதற்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. இண்டர்செக்ஸ் என்கிறார்கள். தமிழில் இடைப்பாலினர் என்று எழுதுகிறார்களாம். அது நோயில்லை, பிறக்கும்போதே உடம்பு அப்படி அமைகிறது, எல்லா ஊரிலும் எல்லாச் சாதியிலும் அப்படிப் பிறக்கிறார்கள் என்று திலகாதான் எனக்குச் சொன்னாள். திருநங்கைகள் வேறு, இது வேறு என்றும் சொன்னாள். அன்றைக்கு எனக்கு இது ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் சரசக்காவின் வாய் ஒன்றுதான்.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். என் வீட்டுக்காரர் அப்போது உயிரோடு இல்லை. என் தம்பி ராஜுவிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழி அடித்தோம். ஒரு பழைய பாவாடையில் நான் என்ன செய்தேன் என்று விளக்கி எழுதக் கூசுகிறது. அந்தப் பாவாடையைத்தான் அத்தைமாருக்குக் காட்டினேன். குலவை போட்டார்கள். சரசக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள்.

முதல் நாள் சாயந்திரமே திலகாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “எத்தன நாளும்மா ஒக்காரணும்?”

தாய்மாமன் முறைக்கு ராஜு பச்சைத் தென்னோலையில் குடிசை கட்டினான். அந்தக் குடிசைக்குள் பதினொரு நாள் உட்கார்ந்தாள். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்தோம். கடைசி நாள் தண்ணீர் ஊற்றிச் சேலை கட்டி மாலை போட்டு, கண்டி டவுனிலிருந்து வீடியோக்காரரைக் கூப்பிட்டுப் படம் பிடித்தோம். முறைப்படி குடிசைக்கு நெருப்பு வைத்தவனும் ராஜுதான். அவனுக்கு அவ்வளவு பெருமை. அந்தக் கசெட்டில் சினிமாப் பாட்டெல்லாம் போட்டு, திலகாவின் முகத்தை ரோஜாப்பூவுக்குள் வைத்துச் சுற்றவிட்டிருந்தார்கள். தீபாவளிக்குத் தீபாவளி ராஜு அதைப் போட்டுப் பார்ப்பான்.

தம்பி, நீ இதை வாசிப்பாய். நீ கட்டியது நல்ல குடிசை. பொய் சொன்னவள் நான்.

3

டொரண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். திலகா படித்து, இங்கே வந்து, ஒரு பரிசோதனைக்கூடத்தில் இரத்தம் எடுக்கிற வேலை செய்கிறாள். என்னை ஸ்பொன்சர் செய்து எடுக்க ஆறு வருசம் அலைந்தாள். என் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், கல்யாணப் பதிவில் இன்னொரு பெயர். மூன்றும் நான்தான் என்று நிரூபிக்க மூன்று தடவை சத்தியக்கடதாசி முடித்தோம்.

இங்கே தமிழர்கள் நிறைய. எல்லோரும் யாழ்ப்பாணப் பக்கம். எந்த ஊர் என்று கேட்பார்கள். கண்டி, மஹய்யாவை என்பேன். “அப்ப நீங்கள் இந்தியாவோ?” என்பார்கள். என் தாத்தா காலத்திலிருந்து கண்டித் தெருவைக் கூட்டியவர்கள் நாங்கள். அதை எங்கே சொல்வது? சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

காலையில் அவளுக்குச் சோறு கட்டிக் கொடுப்பேன். அவள் போன பிறகு இந்த வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும்தான். பிள்ளையோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறேன். ஆனால் அவள் இங்கிலீஷில் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளோடு டாக்டரிடம் போனால் ஒவ்வொரு தடவையும் ஒரு ஃபார்ம் கொடுப்பார்கள். அதில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவள் கோடு கிழிப்பாள். என்ன கேள்வி என்று ஒரு நாள் கேட்டேன். “கடைசியா எப்ப வந்துச்சுன்னு கேக்குறாங்க” என்றாள். இத்தனை வருசமாகக் கோடு கிழித்துக்கொண்டிருக்கிறாள்.

நேசன் அவளிடம் இரத்தம் கொடுக்க வந்தவர், சர்க்கரைச் சோதனைக்கு. ஊசியைப் பார்த்து முகத்தைத் திருப்பினாராம். “கண்ண மூடிக்கங்க, முடிஞ்சிரும்” என்று திலகா தமிழில் சொல்ல, “நீங்கள் கண்டியோ?” என்று கேட்டாராம். சொந்த ஊர் யாழ்ப்பாணம். அப்பா கண்டியில் அரசாங்க உத்தியோகம் பார்த்ததால் வளர்ந்ததெல்லாம் கண்டி. இங்கே பஸ் ஓட்டுகிறார். தங்கச்சிமார் மூன்று பேரைக் கரையேற்றிவிட்டுப் பார்த்தால் வயது நாற்பத்தைந்து.

சனிக்கிழமைகளில் மீன் வாங்கிக்கொண்டு வருவார். நான் ஆக்குவேன். சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் படம் பார்ப்போம். நேசனுக்குக் காதல் படம்தான் பிடிக்கும். முடிவை முன்னாலேயே சொல்லிவிடுவார். “இவன் இப்ப எயாப்போட்டுக்கு ஓடுவான் பாருங்கோ அன்ரி.” ஓடுவான். கல்யாணப் பேச்சு ஆரம்பித்த பிறகு, வயதான எல்லோரையும் கூப்பிடுகிற அந்த அன்ரியை விட்டு என்னை மாமி என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்தச் சொல்லைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரியும் இருக்கும், நெருப்பு வைத்த மாதிரியும் இருக்கும்.

திலகா அவரிடம் அதுவரைக்கும் சொல்லவில்லை.

அவளைப் போன்றவர்கள் வருகிற படங்களை அவள் தனியாகத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறாள், பல தேசத்துப் படங்கள். என்னையும் இரண்டு மூன்றுக்கு உட்கார வைத்தாள். ஒன்றில் டாக்டர்தான் கதாநாயகன், அந்தப் பிள்ளை கட்டிலில் படுத்திருப்பதோடு சரி. ஒன்றில் காதலித்தவன் உண்மை தெரிந்ததும் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டுப் போகிறான். எதற்கு மன்னிக்கிறான் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. இன்னொன்றில் செத்துப்போகிறாள். “ஏம்மா, ஒரு படத்துலயாவது ரெண்டு பேரும் கல்யாணம் கட்டி, மீன் நல்லால்லன்னு சண்ட போட்டு, சும்மா வயசாகிப் போறதக் காட்ட மாட்டானுங்களா?” என்று கேட்டாள்.

நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். திலகாவுக்கு ஏழு வயது இருக்கும்போது சரசக்கா வீட்டு டீவியில் ஒரு படம் பார்த்தோம். அதில் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத ஒரு ஆளுக்குப் பொண்ணு பார்க்கப் போகிற கூத்து வரும். வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் என் மடியில் உட்கார்ந்திருந்தாள். நான் சிரிக்கிறேன் என்று அவளும் சிரித்தாள்.

4

நேசனின் அம்மா கண்டியில், கட்டுகஸ்தோட்டைப் பக்கம் இருக்கிறார். பெண்ணை நேரில் பார்க்க வேண்டும் என்றதால் போன ஆகஸ்டில் மூன்று பேரும் ஊருக்குப் போனோம். போவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன் என்றாள் திலகா. நான்தான் தடுத்தேன்.

“அவங்கம்மா ஒன்னயப் பாக்கட்டும் மொதல்ல. அவங்களுக்குப் புடிச்சிட்டா அப்புறம் எல்லாம் சரியாப் போயிரும்.”

“புடிச்ச பொறகு சொன்னா அது ஏமாத்துறதும்மா.”

“நீ சொல்லவே வேணாம். நாப்பத்தொரு வயசுல யாரு புள்ளயக் கேக்கப் போறாங்க?”

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆனால் வாயை மூடிக்கொண்டாள். நான் சொல்லி அவள் வாயை மூடியது அது முதல் தடவை இல்லை.

நேசனின் அம்மா எங்களைக் கதிரையில் இருத்தி நன்றாகத்தான் உபசரித்தார். மஹய்யாவை என்றதும் புருவம் கொஞ்சம் ஏறியது, உடனே இறங்கியது. “பிள்ளை வடிவா இருக்கிறா. இந்த வயசில நான் பேரப்பிள்ளை கேக்கேல்லை. இவன் தனியச் சமைச்சுத் தின்னாமல் இருந்தாப் போதும்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்கட ஆக்களும் சாமத்தியச் சடங்கு பெரிசாச் செய்வியளோ?”

நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜு எங்கள் எல்லோருக்கும் மஹய்யாவையில் விருந்து வைத்தான். சாப்பிட்டு முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்தான். பென் டிரைவ். “மாப்ள, கசெட்டு பூஞ்சணம் புடிச்சுப் போச்சு. டவுனுல குடுத்து இதுல ஏத்திக்கிட்டு வந்தேன். எங்க புள்ள சடங்கு. நான் கட்டுன குடிசையப் பாருங்க, இப்ப எவனும் அப்பிடிக் கட்ட மாட்டான்” என்று நேசனின் கையில் வைத்தான்.

“கட்டாயம் பாக்கிறன் மாமா” என்று நேசன் அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

திலகா எழுந்து போய்க் கை கழுவினாள். ஏற்கெனவே ஒரு தடவை கழுவியிருந்தாள்.

5

இரண்டு நாள் கழித்துப் படத்துக்குப் போகலாம் என்றார் நேசன். கண்டியில் படம் பார்த்து இருபது வருசமாம். என்ன படம் என்று அவருக்கும் தெரியாது. போஸ்டரில் அருவி இருந்தது, அது போதும் அவருக்கு.

முதல் பாதி வழக்கமான காதல் கதைதான். பஸ்ஸில் சந்திப்பு, மழை, பாட்டு. அந்தப் பெண் துடியாகப் பேசினாள். கண்டக்டரோடு சண்டை பிடித்தாள், வரப்போகிற மாமியாரை மடக்கினாள், தியேட்டரே விசில் அடித்தது. நேசன் என் காதில், “இவளுக்கு வருத்தம் வரும் பாருங்கோ மாமி, இரத்தம் கக்குவாள்” என்றார்.

இரத்தம் கக்கவில்லை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தப் பெண்ணிடம் சொல்லாமல், அவளைக் காதலித்தவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். திலகாவிடம் இருக்கிறதே, அதேதான்.

வலது பக்கம் திலகா, இடது பக்கம் நேசன், நடுவில் நான். திலகாவின் கையைப் பிடித்தேன். அவள் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டாள்.

இடைவேளை முடிந்ததும் கதாநாயகனின் கூட்டாளி வந்தான். “டேய், கல்யாணப் பத்திரிகைல திருவளர்செல்வின்னு போடுறதா, திருவளர்செல்வன்னு போடுறதா?” என்று கேட்டான். தியேட்டர் குலுங்கியது. நேசனும் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. சுகமாக, வாய்விட்டு, சனிக்கிழமைகளில் எங்கள் சோஃபாவில் சிரிப்பது போலத்தான் சிரித்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் அந்தப் பெண் அருவியில் விழுந்தாள். கதாநாயகன் தாலியைத் தண்ணீரில் வீசினான். கை தட்டினார்கள், அவனுக்கு.

வெளியே வந்து குளக்கரைக்கு நடந்தோம். நேசன் தேத்தண்ணி வாங்கப் போனார். திலகா என்னிடம் கேட்டாள்: “அந்தப் பொண்ணு இடைவேளைக்கப்புறம் என்ன பேசுனா, கவனிச்சீங்களாம்மா?”

“இல்லையே.”

“ஒரே ஒரு தடவதான் வாயத் தொறந்தா. ‘என்னை மன்னிச்சிருங்க.’ அவ்வளவுதான். டாக்டர் பேசுறாரு, அவங்கம்மா பேசுறாங்க, அந்தக் கோமாளி பேசுறான். அவ ஒடம்பப் பத்தி அவளத் தவிர எல்லாரும் பேசுறாங்க.”

நேசன் மூன்று கோப்பைகளோடு வந்தார். “படம் சரியில்லை, என்ன? சும்மா ஏன் அவளைச் சாக்கொண்டவங்கள்? மறைச்சது தாய். அவள் பாவம்” என்றார்.

திலகா கோப்பையை வாங்கவில்லை. “நேசன், ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அம்மா, நீங்க இங்கயே இருங்க” என்றாள். அவரைக் கூட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி, மரத்தடிக்குப் போனாள். என்னால் கேட்க முடியவில்லை. அவள் கையை ஆட்டாமல், நேராக நின்று பேசுவது தெரிந்தது. நேசன் தன்னுடைய தேத்தண்ணியைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். நான் மற்ற இரண்டு கோப்பைகளையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டிருந்தேன். கீழே வைக்கத் தோன்றவில்லை.

பிறகு அவர் என்னைத் தாண்டிப் போனார். “நான் ஒருக்காக் குளத்தைச் சுத்திப்போட்டு வாறன்” என்றார், யாருக்கும் என்றில்லாமல்.

கண்டிக் குளத்தைச் சுற்றி வர முக்கால் மணி நேரம் ஆகும். நாங்கள் கரையோர வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீருக்கு அந்தப் பக்கம் அவருடைய நீலச் சட்டை மரங்களுக்கு நடுவில் வருவதும் மறைவதுமாக இருந்தது. அங்கே மேலே ஏறிப் போகிற ரோட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு ரோட்டையும் அந்தச் சட்டை தாண்டும் வரைக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் மழை வந்தது. குடை எங்களிடம் இருந்தது. சட்டை தெரியாமல் போய்விட்டது.

“போயிட்டாரும்மா” என்றாள் திலகா.

“இல்ல, வருவாரு.”

“ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

படமாக இருந்தால் மழையில் ஓடி வந்திருப்பார். அவர் நடந்துதான் வந்தார், மெதுவாக, தொப்பலாக நனைந்து. கையில் கடலைப் பொட்டலம், மூன்று. நனைந்து கூழாகியிருந்தது. வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“மழை. வாங்கோ அன்ரி, உங்களை வீட்டை விட்டிட்டுப் போறன்” என்றார்.

மாமி இல்லை. அன்ரி.

மஹய்யாவைக்குத் திரும்பி வந்த பிறகு திலகா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே, “ஒடம்பு எனக்கு வெக்கமில்லம்மா. அது நான் செஞ்சதில்ல. அந்த வீடியோ இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு வெக்கம். பதினொரு நாள் நான் ஒக்காந்து பொய் சொல்லியிருக்கேன். அதப் போய் அவர் கையில குடுத்துட்டாரு மாமா” என்றாள்.

6

நேசன் எங்களுக்கு முன்னாலேயே திரும்பிவிட்டார். நாங்கள் வந்த பிறகு ஒரே ஒரு தடவை திலகாவோடு பேசினார். எனக்குக் கொஞ்ச நாள் வேணும் என்றாராம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. செப்டம்பர் போனது, இலை கொட்டியது, பனி விழுந்தது. சனிக்கிழமைகளில் மீன் இல்லை. சோஃபாவில் அவர் உட்காருகிற இடத்தில் திலகா துவைத்த துணியைக் குவித்து வைக்க ஆரம்பித்தாள்.

அவரைக் குறை சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. “அவருக்கு நாலு மாசந்தான் ஆச்சு. எனக்கு இருபத்தஞ்சு வருசமாச்சு பழக” என்பாள். அதற்குமேல் பேச விடமாட்டாள்.

இந்த மாதிரி நேரத்தில் தாய் என்ன செய்ய வேண்டும்? கோயிலுக்குப் போனேன். விளக்குப் போட்டேன். ஒரு நாள், எழுதவே வெட்கமாக இருக்கிறது, அவருடைய நம்பரை அழுத்தினேன். டாக்டர் மாற்றிச் சொல்லிவிட்டார் தம்பி, இப்போது புதிதாகப் பார்த்ததில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் பாடம் பண்ணி வைத்திருந்தேன். மணி இரண்டு தடவை அடித்தது. வெட்டிவிட்டேன். அந்தக் கோழி அடித்த கை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பிறகு செவ்வாய்க்கிழமை டீவியில் அந்தப் படம் வந்தது. அதற்குப் பிறகுதான் இதை எழுதத் தொடங்கினேன்.

7

இது வரைக்கும் எழுதிக் கொப்பியை மூடி வைத்திருந்தேன். நேற்றுப் பகல் என் போன் அடித்தது. நேசன்.

“அன்ரி, சுகமா இருக்கிறியளோ?”

“இருக்கேன் தம்பி.”

பின்னால் பஸ் இஞ்சின் சத்தம் கேட்டது. எங்கோ கடைசித் தரிப்பில் நிறுத்திவிட்டுப் பேசுகிறார் போல.

“மாமா தந்த வீடியோவைப் பாத்தனான். இவ்வளவு நாளும் பாக்கேல்லை. முந்தாநாள் ஊருக்குக் கொண்டுபோன பையைத் தோய்க்கேக்க அதுக்குள்ள கிடந்தது.”

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“அண்டைக்குக் குளத்தடியில அவ சொன்னவ, அது பொய்ச் சடங்கு எண்டு. அதுக்குப் பிறகு இதைப் பாக்க ஏலாமல் கிடந்தது. அன்ரி, அதில எல்லாரும் கதைக்கிறியள். நீங்கள், மாமா, பக்கத்து வீட்டு மனுசி, வீடியோக்காரன். சிரி பாப்பா, சிரி பாப்பா எண்டு எத்தினை தரம் சொல்லுறான். அவ ஒருக்காலும் சிரிக்கேல்லை. ஒரு சொல்லும் கதைக்கேல்லை. ஒருத்தரும் அவவைக் கேக்கேல்லையோ?”

“இல்ல தம்பி. நான் கேக்கல.”

“ஓம்” என்றார். பிறகு, “நானும் அண்டைக்குத் தியேட்டரில சிரிச்சனான்” என்றார்.

அழுதால் படத்தில் வருகிற அம்மா ஆகிவிடுவேன். அடுப்பில் பருப்பு பொங்கியது. அதை இறக்கக்கூட இல்லை.

“அன்ரி, அவ என்ன நினைக்கிறா? கோவமா இருக்கிறாவோ? நான் வந்தா வரவிடுவாவோ? நீங்கள் சொல்லுங்கோ, நான் அதுக்கேத்த மாதிரிச் செய்யிறன்.”

இதற்காகத்தான் நான் இத்தனை மாதமாகக் காத்துக்கொண்டிருந்தேன். கோபமில்லை தம்பி, வாங்க, அவள் உங்களையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லியிருந்தால் வந்திருப்பார். சனிக்கிழமை மீனோடு வந்திருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

“தெரியாது தம்பி. அவகிட்டயே கேளுங்க. அவளுக்காக நான் பேசுனதெல்லாம் போதும்” என்றேன்.

“ஆறு மணிக்கு வந்திடுவாவோ?”

“வந்துருவா.”

ஆறு மணிக்குத் திலகா வந்தாள். பூட்ஸைக் கழற்றினாள். யார் பேசியது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்திருப்பாள். சோற்றைப் போட்டு மேசையில் வைத்தேன். கை கழுவிவிட்டு உட்காரப் போகும்போது அவளுடைய போன் அடித்தது. பெயரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் குசினியிலேயே நின்றேன். அவளுடைய குரல் மட்டும் வந்தது, சொல் ஒன்றும் பிடிபடவில்லை. அவள் அழுகிறாளா, சண்டை போடுகிறாளா, முடித்துக்கொள்கிறாளா, ஒன்றும் தெரியாது. கதவுக்குப் பக்கத்தில் போய் நிற்கக் கால் துடித்தது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

சோறு ஆறியது. மூடி வைத்தேன். வெளியே பனி தள்ளுகிற வண்டி வந்து போனது, திரும்ப வந்து போனது. அந்தப் பக்கத்தில் அவர் ஏதாவது சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு மேலாக அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.